மடியில் லேப்டாப்: சூடும் வைஃபை கதிர்வீச்சும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லேப்டாப்பை மடியில் வைத்து வேலை செய்பவர்களும், அவர்களைப் பார்த்துக் கவலைப்படும் வீட்டாரும் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை கதிர்வீச்சைப் பற்றியவை. சூட்டைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. ஆனால் மருத்துவ இதழ்களைப் புரட்டினால், நோயாளியின் தோலில் மருத்துவர் கண்ணால் கண்டு பதிவு செய்த பாதிப்புகள் சூட்டினால் வந்தவையாகவே இருக்கின்றன. எனவே இங்கே சூட்டை முதலில் எடுத்துக்கொள்வோம்.

லேப்டாப்பிலிருந்து உடம்பை வந்தடைவது எது, எவ்வளவு?

அலுவலக வேலைக்கான சாதாரண லேப்டாப்புடன் வரும் அடாப்டர் பெரும்பாலும் 45 அல்லது 65 வாட் திறன் கொண்டது. விளையாட்டுக்கென்றே செய்யப்படும் பெரிய மாடல்களில் அது 200 வாட்டையும் தாண்டுகிறது. இயந்திரம் செலவழிக்கும் மின்சாரத்தில், திரையின் வெளிச்சமாகவும் ஒலியாகவும் போகும் சிறு பங்கைத் தவிர மற்றதெல்லாம் கடைசியில் சூடாகத்தான் வெளியேற வேண்டும். வைஃபையின் கணக்கோ வேறு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஐரோப்பா அனுமதிக்கும் உச்ச வெளியீடு 100 மில்லிவாட், அதாவது ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு. லேப்டாப்புகள் நடைமுறையில் அனுப்புவது அதிலும் குறைவு. புளூடூத் பெரும்பாலும் சில மில்லிவாட்டோடு நின்றுவிடும். ஆக, மடியில் இருக்கும் அந்தப் பெட்டியிலிருந்து வரும் ஆற்றலில் நூற்றுக்கு 99 பங்குக்கும் மேல் வெறும் சூடுதான்.

அடிப்பாகம் தோலைச் சுடும் அளவுக்குச் சூடாகுமா?

ஆகும். செயலி 95 டிகிரி செல்சியஸைத் தாண்டி 100ஐ நெருங்கும்போதுதான் பல மாடல்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. அந்தச் சூட்டைச் செம்புக் குழாய்கள் மெல்லிய உலோகத் தகடுகளுக்குக் கொண்டுபோக, மின்விசிறி அதை வெளியே தள்ளுகிறது. விசிறிக்குக் காற்று பெரும்பாலும் அடிப்பக்கத் துளைகள் வழியாகவே உள்ளே வருகிறது. மெத்தையின் மேலோ தலையணையின் மேலோ வைத்தால் அந்தத் துளைகள் அடைபடும். போகும் வழி இல்லாத சூடு அடித்தகடு முழுவதும் பரவும்.

இதில் அறையின் வெப்பநிலைக்கும் பங்கு உண்டு. பல நிறுவனங்கள் தம் லேப்டாப்புகள் இயங்க ஏற்ற சூழல் என்று குறிப்பிடுவது 35 டிகிரி வரைதான். கத்திரி வெயில் நாட்களில் வேலூரிலோ கரூரிலோ மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறையில் இருப்பவருக்கு அந்த வரம்பு காலை பதினோரு மணிக்கே முடிந்துவிடும். சூழலின் சூடு எத்தனை டிகிரி ஏறுகிறதோ, ஏறத்தாழ அத்தனை டிகிரி அடித்தகட்டிலும் ஏறும் என்று வைத்துக்கொள்ளலாம்.

தொடையில் வலைபோலக் கருத்த தடம் விழுந்திருக்கிறது. அரிப்பும் இல்லை, வலியும் இல்லை. இது என்ன?

தோல் மருத்துவர்கள் எரித்திமா அப் இக்னே என்று அழைக்கும் பாதிப்பாக இருக்கலாம். தீப்புண் உண்டாக்கும் அளவுக்குச் சூடில்லாத, ஏறத்தாழ 43 முதல் 47 டிகிரி வரையிலான வெப்பம், ஒரே இடத்தில் நாள்தோறும் பட்டுக்கொண்டே இருப்பதால் வருவது. தொடக்கத்தில் இளஞ்சிவப்பாக, விரலால் அழுத்தினால் மறைகிற வலைக்கோடுகள் தோன்றும். மாநிறமோ கறுப்போ ஆன தோலில் இந்தச் சிவப்பு கண்ணுக்கே படாமல் போய்விடுவதால், நம்மவர்கள் பலர் அடுத்த கட்டத்தில்தான் கவனிக்கிறார்கள். அப்போது கோடுகள் பழுப்பாகவோ சாம்பல் கலந்த கருப்பாகவோ மாறி, அழுத்தினாலும் மறையாமல் நின்றுவிடுகின்றன. கோடுகளுக்கு நடுவே உள்ள தோல் பழைய நிறத்திலேயே இருக்கும். படர்தாமரை என்று நினைத்துக் கடையில் களிம்பு வாங்கித் தடவினால் ஒரு பயனும் இருக்காது.

லேப்டாப்பினால் வந்த இத்தகைய தடம் மருத்துவ இலக்கியத்தில் முதன்முதலில் பதிவானது 2004இல். சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழக மருத்துவமனையைச் சேர்ந்த ஆண்ட்ரியாஸ் ஆர்னால்ட், பீட்டர் இட்டின் ஆகிய இருவரும் 2010இல் குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் 12 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார்கள். மாதக்கணக்கில் தினமும் சில மணி நேரம் கணினி விளையாட்டு ஆடிய அவனுக்கு இடது தொடையில் மட்டும் தடம் விழுந்திருந்தது. இடப்பக்கம் அதிகம் சுடுகிறது என்று அவனுக்கே தெரிந்திருந்தும் அவன் இடத்தை மாற்றிக்கொள்ளவில்லை. இந்த ஒருபக்கத் தன்மை மருத்துவருக்கு நல்ல துப்பு, ஏனெனில் லேப்டாப்பின் உள்ளே சூடு எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் பரவுவதில்லை. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் தினமும் ஆறு மணி நேரம் போல மடியில் வைத்து வேலை செய்த சட்டக்கல்லூரி மாணவி ஒருவரின் லேப்டாப் அடியில் அளந்தபோது ஏறத்தாழ 52 டிகிரி இருந்தது.

மருந்து என்று பெரிதாக எதுவும் இல்லை. லேப்டாப்பை மடியிலிருந்து இறக்குவதுதான் சிகிச்சை. தொடக்க நிலைத் தடம் சில மாதங்களில் மங்கும். நெடுநாள் பழகிப்போன கருந்தடம் மறையாமலேயே நின்றுவிடவும் கூடும்.

அந்தத் தடம் புற்றுநோயாக மாறுமா?

இந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டிய இடம் காஷ்மீர். அங்கே குளிர்காலத்தில், பிரம்பு பின்னிய மண்சட்டியில் கரித்தணல் இட்ட காங்கிரி என்ற கணப்பை, ஃபெரான் எனும் நீண்ட மேலங்கிக்குள் வயிற்றோடும் தொடையோடும் அணைத்துக்கொண்டு உட்கார்வது வழக்கம். ஆண்டாண்டாகச் சூடு படும் அதே இடங்களில் செதிள் செல் வகைத் தோல் புற்றுநோய் வருவதை ஸ்ரீநகரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் எர்னஸ்ட் நீவ் நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதினார். காங்கிரிப் புற்று என்ற பெயர் பாடநூல்களில் இன்றும் இருக்கிறது.

லேப்டாப்பின் சூடு காங்கிரியின் தணலைவிடக் குறைவு. பல பத்தாண்டுகள் ஒரே இடத்தில் அதை வைத்துக்கொள்பவரும் இல்லை. எனவே தடம் விழுந்தவுடன் புற்றுநோய் என்று கலங்கத் தேவையில்லை. ஆனால் பழைய தடத்தில் ஆறாத புண், தடித்துச் சொரசொரப்பாகும் பகுதி, கட்டி, இரத்தக் கசிவு ஆகியவற்றில் எது தோன்றினாலும் தோல் மருத்துவரிடம் காட்டித் திசுப் பரிசோதனை தேவையா என்று கேட்டுவிட வேண்டும்.

கையில் பொறுத்துக்கொள்ளக்கூடிய சூடு எப்படிப் புண்ணாக்கும்?

நேரத்தால். 1947இல் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கு இன்றும் பயன்பாட்டில் உள்ளது: 60 டிகிரி சூடு சில நொடிகளில் தோலைப் பொசுக்கும், 44 டிகிரியிலும் அதே கேடு விளையும், ஆனால் ஏறத்தாழ ஆறு மணி நேரம் பிடிக்கும். 2002இல் லான்செட் இதழில் ஸ்வீடன் மருத்துவர் ஒருவர் எழுதிய குறிப்பில், 50 வயது அறிவியலாளர் ஒருவர் வீட்டில் முழுமையாக உடை அணிந்தபடியே ஒரு மணி நேரம் போல மடியில் லேப்டாப்பை வைத்து அறிக்கை எழுதியதும், மறுநாள் ஆண்குறியிலும் விதைப்பையிலும் எரிச்சலும் கொப்புளமும் கண்டதும் பதிவாகியுள்ளன. துணி காப்பாற்றும் என்ற நம்பிக்கைக்கு அது நல்ல பதில்.

நீரிழிவால் கால்களில் உணர்ச்சி குன்றியவர்கள், தண்டுவடக் காயத்தால் இடுப்புக்குக் கீழ் உணர்வற்றவர்கள், தூக்க மாத்திரை சாப்பிட்டுவிட்டு மடியில் லேப்டாப்போடு கண்ணயர்பவர்கள் ஆகியோருக்குத்தான் இதில் உண்மையான ஆபத்து. மற்றவர்கள் சுடுகிறது என்று தெரிந்ததும் நகர்த்திவிடுவார்கள். இவர்களுக்கு அந்த எச்சரிக்கை வந்து சேராது. மூத்த குடிமக்கள் பலர் இப்போது பேரப்பிள்ளைகளுடன் லேப்டாப்பில் வீடியோ அழைப்பு பேசுகிறார்கள். அவர்களில் சர்க்கரை உள்ளவர்களின் மடியில் அதை வைத்துக் கொடுக்க வேண்டாம்.

மடியில் வைத்தால் ஆண்களுக்கு விந்தணு குறையும் என்பது உண்மையா?

ஒரு பாதி நிறுவப்பட்டது. மறுபாதி நியாயமான ஊகம்.

விந்தணு உருவாக, விதைகள் உடலின் உள்வெப்பத்தைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி குளிர்ச்சியாக இருக்க வேண்டும். விதைப்பை உடலுக்கு வெளியே தொங்குவதே அதற்காகத்தான். நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்டோனி புரூக் வளாகத்தில் யெஃபிம் ஷெய்ன்கின் குழுவினர் 21 முதல் 35 வயது வரையிலான 29 ஆண்களை ஒரு மணி நேரம் உட்காரவைத்து அளந்து 2005இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் லேப்டாப்பின் அடிப்பாகம் ஏறத்தாழ 31 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு ஏறியது. விதைப்பையின் வெப்பநிலை இடப்பக்கம் 2.6 டிகிரியும் வலப்பக்கம் 2.8 டிகிரியும் கூடியது.

செய்தித்தாள்கள் இந்த எண்களோடு நின்றுவிட்டன. அதே ஆய்வில் இருந்த இன்னொரு எண்ணை அவை விட்டுவிட்டன: லேப்டாப் இல்லாமல், அதை வைத்திருப்பதுபோலத் தொடைகளைச் சேர்த்து உட்கார்ந்தபோதே 2.1 டிகிரி கூடியது. அதாவது பெரும்பங்கு உட்காரும் முறையால் வந்தது. இயந்திரம் அதன் மேல் கொஞ்சம் சேர்த்தது. மடியில் ஒரு பொருள் விழாமல் நிற்க வேண்டுமானால் தொடைகளை ஒட்டவைத்தே ஆக வேண்டும், அங்கே காற்றோட்டம் நின்றுவிடுகிறது.

இதே குழுவின் அடுத்த ஆய்வு இதை இன்னும் தெளிவாக்கியது. விதைப்பையின் வெப்பநிலை ஒரு டிகிரி ஏற, தொடைகளைச் சேர்த்து வைத்தபோது 11 நிமிடங்களும், அடியில் வெப்பத்தடுப்புப் பலகை வைத்தபோது 14 நிமிடங்களும், பலகையோடு தொடைகளை நன்கு அகற்றி வைத்தபோது 28 நிமிடங்களும் பிடித்தன. பலகை கொடுத்த லாபம் மூன்றே நிமிடம்.

இந்த ஆய்வுகள் அளந்தது வெப்பநிலையை மட்டும்தான். பங்கேற்றவர்களின் விந்தணு எண்ணிக்கையோ, பின்னாளில் அவர்களுக்குக் குழந்தை பிறந்ததா என்பதோ அவற்றில் இல்லை. தொடர்ந்த வெப்பம் விந்தணுவைக் குறைக்கும் என்பது வேறு வழிகளில் தெரிந்த உண்மையாதலால், தினமும் மணிக்கணக்கில் மடியில் வைப்பவருக்கும் அது பொருந்தும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. குழந்தைக்காக முயன்றுகொண்டிருப்பவர்களும், பரிசோதனையில் எண்ணிக்கை குறைவென்று அறிந்தவர்களும் மடியைத் தவிர்ப்பதே சரி.

ஏற்கெனவே பல ஆண்டுகள் அப்படிப் பயன்படுத்தியிருந்தால் பாதிப்பு நிரந்தரமா?

வெப்பத்தால் வரும் குறைவு பொதுவாக மீளக்கூடியது. ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ 74 நாட்கள் ஆவதால், பழக்கத்தை மாற்றி மூன்று மாதம் கழித்துச் செய்யும் பரிசோதனைதான் சரியான நிலையைக் காட்டும். இரண்டே வாரத்தில் பரிசோதித்துவிட்டுப் பலனில்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

வைஃபையே விந்தணுவைச் சிதைக்கிறது என்று ஓர் ஆய்வு சொன்னதாமே?

அர்ஜென்டினாவில் கொன்ராடோ அவெந்தான்யோ குழுவினர் செய்து 2012இல் வெளியான ஆய்வைத்தான் குறிப்பிடுகிறார்கள். 29 ஆண்களின் விந்து மாதிரிகளை, வைஃபையில் இணைந்த லேப்டாப்பின் அடியில் நான்கு மணி நேரம் வைத்தார்கள். வெப்பநிலையை 25 டிகிரியில் நிலையாக வைத்துக்கொண்டார்கள். முன்னோக்கி நீந்தும் விந்தணுக்கள் குறைந்தன, டி.என்.ஏ. முறிவு கூடியது. சூட்டைக் கட்டுப்படுத்திச் செய்ததால் இந்த ஆய்வைப் புறந்தள்ளிவிட முடியாது.

ஆனால் சோதிக்கப்பட்டவை உடலுக்கு வெளியே, லேப்டாப்புக்குச் சில சென்டிமீட்டர் கீழே, மெல்லிய படலமாகப் பரப்பிவைக்கப்பட்ட விந்தணுக்கள். இரத்த ஓட்டமோ, தோலும் தசையும் தரும் மறைப்போ அங்கே இல்லை. அந்நிலையில் கண்ட விளைவை, மடியில் லேப்டாப் வைத்திருப்பவரின் உடலுக்குள் நடப்பதாக அப்படியே எடுத்துக்கொள்ள இயலாது. இதை வைத்து வைஃபை மலடாக்கும் என்று எழுதுபவர்களும், இதைக் குப்பை என்று ஒதுக்குபவர்களும் ஒரே அளவு அவசரப்படுகிறார்கள் என்பது என் எண்ணம்.

வைஃபை கதிர்வீச்சும் எக்ஸ்ரே கதிர்வீச்சும் ஒன்றா?

இரண்டும் மின்காந்த அலைகள்தான். ஆனால் ஆற்றலில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. எக்ஸ்ரேயும் காமாக் கதிரும் அணுக்களிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்தெறிந்து டி.என்.ஏ.வை நேரடியாக முறிக்கக்கூடியவை. அதற்குச் சுமார் பத்து எலெக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் மிகச் சிறிய அலகு) ஆற்றல் வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு ஃபோட்டானிடம், அதாவது அந்த அலையின் மிகச் சிறிய ஆற்றல் பொட்டலத்திடம், இருப்பது ஒரு எலெக்ட்ரான் வோல்ட்டில் லட்சத்தில் ஒரு பங்கு. தேவைக்குப் பத்து லட்சம் மடங்கு குறைவு. நாம் படிக்க உதவும் விளக்கின் சிவப்பு ஒளிகூட இதைவிட ஒரு லட்சம் மடங்குக்கும் மேல் ஆற்றல் மிக்கது. எனவே எக்ஸ்ரே போல டி.என்.ஏ.வை முறிக்கும் என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. ரேடியோ அலைகளால் உறுதியாக அறியப்பட்ட விளைவு திசுக்களைச் சூடாக்குவது மட்டுமே.

மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தானே இயங்குகிறது?

ஆம், 2.45 கிகாஹெர்ட்ஸ். தொழில் கருவிகளுக்கும் உரிமம் தேவையில்லாத பயன்பாட்டுக்கும் ஒதுக்கப்பட்ட அலைவரிசை என்பதால் இரண்டும் அங்கே வந்து சேர்ந்தன. அடுப்பு 800 வாட் அளவு ஆற்றலை மூடிய உலோகப் பெட்டிக்குள் சுழலவிடுகிறது. வைஃபை ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானதைத் திறந்த வெளியில் எல்லாத் திசையிலும் சிதறவிடுகிறது.

அப்படியானால் உண்மையில் எவ்வளவு அலை நம்மேல் படுகிறது? யாராவது அளந்திருக்கிறார்களா?

பிரிட்டனின் சுகாதாரப் பாதுகாப்பு முகமை பள்ளிகளில் பயன்பட்ட லேப்டாப்புகளை ஆய்வுக்கூடத்தில் அளந்து 2011இல் முடிவுகளை வெளியிட்டது. 2.4 கிகாஹெர்ட்ஸில் 15 லேப்டாப்புகளின் வெளியீடு 5 முதல் 17 மில்லிவாட் வரை இருந்தது. அரை மீட்டர் தொலைவில் கிடைத்த உச்ச அளவு சதுர மீட்டருக்கு 22 மில்லிவாட். ஒரு மீட்டரில் அது 4 ஆகக் குறைந்தது. சர்வதேச அயனியாக்காக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் பொதுமக்களுக்கு வகுத்த வரம்பு சதுர மீட்டருக்கு 10,000 மில்லிவாட்.

மேலும், அந்த 22 என்பது லேப்டாப் இடைவிடாது அனுப்பிக்கொண்டிருந்தால் கிடைப்பது. உண்மையான வகுப்பறைகளில் அவை நேரத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே அனுப்பின. மற்ற நேரமெல்லாம் பெற்றுக்கொண்டோ சும்மாவோ இருந்தன. இன்று நாள் முழுக்க வீடியோ கூட்டங்களில் இருப்பவரின் லேப்டாப் அதைவிடப் பல மடங்கு அனுப்பும், ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும் நூறு சதவீத நேரம் அனுப்பினாலும் அரை மீட்டரில் வரம்பில் நானூற்றில் ஒரு பங்கைத் தாண்டாது. மடியில் வைக்கும்போது தொலைவு குறைவதால் அளவு கூடும். அதே சமயம் ஆன்டெனா பல மாடல்களில் திரையின் மேல் விளிம்பிலோ கீல் பகுதியிலோதான் இருக்கிறது, தொடையைத் தொடும் அடித்தகட்டில் அல்ல.

காதோடு ஒட்டிப் பேசும் செல்போன்தான் பெரும்பாலோருக்குப் பெரிய மூலம். வைஃபை இருக்கும் இடத்தில் ஓராண்டு உட்கார்ந்திருந்தால் கிடைக்கும் அளவும் இருபது நிமிட செல்போன் பேச்சில் கிடைக்கும் அளவும் ஒன்றே என்று இதே முகமை 2007இல் சொன்னது. லேப்டாப்பைப் பார்த்துப் பதறுபவர் செல்போனைக் கன்னத்தில் ஒட்டியபடி அந்தக் கவலையைப் பகிர்ந்துகொள்வது அடிக்கடி காணும் காட்சி.

உலக சுகாதார நிறுவனம் இதைப் புற்றுநோய்க் காரணி என்று அறிவித்துவிட்டதே?

அந்நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பிரான்சின் லியோன் நகரில் கூடி, 2011 மே மாதம் ரேடியோ அலைகளை 2பி பிரிவில் சேர்த்தது. 'புற்றுநோயை உண்டாக்கும் வாய்ப்பு இருக்கலாம்' என்பது அதன் பொருள். அடிப்படையாக அமைந்தவை செல்போனை மிக அதிகமாகக் காதில் வைத்துப் பேசியவர்களின் மூளைக்கட்டி பற்றிய ஆய்வுகள். வைஃபை லேப்டாப்புகள் அல்ல.

இந்தப் பிரிவுகள் சான்றின் உறுதியைச் சொல்லுமே ஒழிய ஆபத்தின் அளவைச் சொல்லா. கற்றாழையின் முழு இலைச் சாறு அதே 2பி பிரிவில் உள்ளது. 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களைக் குடிப்பது அதற்கு மேலான 2ஏ பிரிவில். பாக்கும், புகையிலை சேராத வெற்றிலைத் தாம்பூலமும்கூட, ஐயத்துக்கு இடமில்லாத முதல் பிரிவில். வாய்ப் புற்றுநோய் இத்தனை பரவலாக உள்ள நம் நாட்டில், வைஃபைக்குக் கொடுக்கும் கவலையில் பாதியைப் பாக்குப் பொட்டலத்துக்குக் கொடுத்தால் எத்தனையோ உயிர்கள் மிஞ்சும்.

2011க்குப் பிறகு இரு திசையிலும் செய்திகள் வந்துள்ளன. உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டபடி, ஆஸ்திரேலியாவின் கென் கரிபிடிஸ் தலைமையில் 63 ஆய்வுகளைத் தொகுத்து 2024இல் வெளியான மதிப்பாய்வு, செல்போன் பயன்பாட்டுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தென்படவில்லை என்று கூறியது. மறுபக்கம், அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2018இல் வெளியிட்ட அறிக்கையில், ஆண் எலிகளின் இதயத்தில் நரம்புறைக் கட்டிகள் தோன்றியதற்குத் தெளிவான சான்று இருப்பதாக எழுதியது. அந்த எலிகள் ஈராண்டுகள், நாளுக்கு ஒன்பது மணி நேரம், உடல் முழுவதும், எடையில் கிலோவுக்கு 1.5 முதல் 6 வாட் வரை 2ஜி, 3ஜி அலைகளைப் பெற்றவை. மனிதர்களுக்கு உடல் முழுவதற்குமான வரம்பு கிலோவுக்கு 0.08 வாட். அலை பட்ட எலிகள் படாதவற்றைவிட அதிக நாள் வாழ்ந்தன என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது. இதற்கு யாரும் மகிழ்ச்சியடைந்ததாகத் தெரியவில்லை.

வைஃபை இருக்கும் அறையில் எனக்குத் தலைவலியும் படபடப்பும் வருகின்றன. அது கற்பனையா?

தலைவலி உண்மை. காரணம் அலைதானா என்பதே கேள்வி. இப்படிச் சொல்பவர்களை வைத்து, அலை இருக்கிறதா இல்லையா என்பது அவர்களுக்குத் தெரியாதபடி நடத்திய 31 ஆய்வுகளை 2005இல் பிரிட்டனின் ஜேம்ஸ் ரூபின் குழுவினர் தொகுத்துப் பார்த்தபோது, அலை இருப்பதை அவர்களால் மற்றவர்களைவிடச் சரியாகக் கண்டுபிடிக்க இயலவில்லை என்பதே ஒட்டுமொத்த முடிவாக இருந்தது. அலை இருப்பதாக நம்பியபோது, அது இல்லாத நேரத்திலும் அறிகுறிகள் வந்தன. ஆகவே கண் பவர், இரத்த அழுத்தம், தூக்கம், கழுத்து வளைந்த நிலை ஆகியவற்றைப் பார்ப்பது பலன் தரும். ரவுட்டரை எங்கே ஒளித்துவைப்பது என்று அலைவதில் நாட்கள்தான் போகும்.

கர்ப்பிணிகள் வயிற்றின் மேல் லேப்டாப்பை வைக்கலாமா?

வேண்டாம், ஆனால் அச்சத்தால் அல்ல. கருவுக்குத் தீங்கான வெப்பம் என்பது தாயின் உடல் முழுவதன் உள்வெப்பம் 39 டிகிரியைத் தாண்டுவது, அதாவது கடும் காய்ச்சல் போன்ற நிலை. லேப்டாப்பால் அது நிகழாது. வைஃபை அலையின் பெரும்பங்கு தோலுக்குக் கீழே சில சென்டிமீட்டருக்குள் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. ஆனாலும் நீட்டி விரிந்த வயிற்றுத் தோலில் சூட்டுத் தடம் எளிதில் விழும். மேசை மேல் வைத்தால் இந்தக் கேள்வியே எழாது. ஏற்கெனவே வைத்திருந்தவர்கள் அதற்காக ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

குழந்தைகளுக்குத் தனி விதி உண்டா?

பிரான்ஸ் 2015 ஜனவரியில் இயற்றிய சட்டம், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் தங்கும் காப்பக அறைகளில் வைஃபையைத் தடுத்தது. தொடக்கப் பள்ளிகளில் பாடத்துக்குத் தேவையில்லாத நேரத்தில் அணைத்துவைக்கச் சொன்னது. தீங்கு நிறுவப்பட்டதால் அல்ல, முன்னெச்சரிக்கையாகவே அதைச் செய்தது. வீட்டில் பிள்ளைகள் விஷயத்தில் நான் அதிகம் கவனிக்கச் சொல்வது சூட்டைத்தான். விளையாட்டு மும்முரத்தில் தொடை சுடுவதை அவர்கள் பொருட்படுத்துவதில்லை என்பதற்கு பாசல் சிறுவனே சாட்சி.

கதிர்வீச்சைத் தடுக்கும் ஸ்டிக்கர், சிப், பதக்கம் ஆகியவை வேலை செய்யுமா?

செய்யா. ஆன்டெனாவை உண்மையிலேயே மறைக்கும் பொருளாக இருந்தால் வைஃபையும் வேலை செய்யாது. கருவி சிக்னலைத் தேடி இன்னும் அதிக ஆற்றலோடு அனுப்ப முயலும் என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் செல்போன் மறைப்புகளைப் பற்றி எச்சரித்திருக்கிறது. வைஃபை முன்போலவே வேலை செய்கிறதென்றால் ஸ்டிக்கர் எதையும் தடுக்கவில்லை என்றே பொருள். 2020 அக்டோபரில் பசுப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான தேசியக் காமதேனு ஆயோக்கின் அன்றைய தலைவர் பசுஞ்சாணத்தால் ஆன சிப் ஒன்றை அறிமுகம் செய்து, அது செல்போன் கதிர்வீச்சைக் குறைக்கும் என்றார்; ஆதாரத்தைக் காட்டுங்கள் என்று அறிவியலாளர்கள் கேட்டார்கள்.

நெதர்லாந்தில் நடந்தது இன்னும் விநோதம். 5ஜி அலையிலிருந்து காப்பதாக விற்கப்பட்ட பதக்கம், கைவளை, கண்மூடி முதலிய பத்துப் பொருட்களை அந்நாட்டு அணுசக்திப் பாதுகாப்பு ஆணையம் சோதித்து, அவை தாமே கதிரியக்கம் உடையவை, உடனே கழற்றிப் பத்திரப்படுத்துங்கள் என்று 2021 டிசம்பரில் மக்களுக்கு அறிவித்தது. தீங்கு நிறுவப்படாத கதிருக்கு அஞ்சி, நிறுவப்பட்ட கதிரைக் கழுத்தில் காசு கொடுத்து மாட்டியிருந்தார்கள்.

சார்ஜ் போடும்போது உலோக உடல் லேப்டாப்பைத் தொட்டால் சுருசுருவென்கிறதே, அது கதிர்வீச்சா?

இல்லை, கசிவு மின்சாரம். புறங்கையால் மெல்லத் தடவினால் உலோகம் அதிர்வதுபோலத் தோன்றும்; டெஸ்டரை வைத்தால் மங்கலாக மினுங்கும்; சார்ஜரைப் பிடுங்கினால் அக்கணமே நின்றுவிடும். அடாப்டருக்குள் இரைச்சலை அடக்க வைத்துள்ள சிறு மின்தேக்கி வழியாக மிகக் குறைந்த மின்னோட்டம், பொதுவாக அரை மில்லி ஆம்பியருக்கும் குறைவாக, உடல் வழியே தரைக்கு இறங்கப் பார்க்கிறது. இரண்டு முள் பிளக்கிலும், எர்த் இணைக்கப்படாத பழைய சுவிட்ச் போர்டிலும் இது அதிகம். மூன்று முள் கம்பியும் சரியான எர்த்தும் இருந்தால் பெரும்பாலும் காணாமல் போய்விடும். சுருசுருப்பைத் தாண்டிச் சுரீரென்று அடித்தால் அந்தச் சார்ஜரை அன்றோடு விட்டுவிட வேண்டும். விலை மலிந்த போலிச் சார்ஜர்களில் இந்தப் பழுது உயிரைப் பறிக்கக்கூடியது.

மேசை இல்லாத வீட்டில் என்ன செய்வது? கூலிங் பேட் போதுமா?

தொடைத் தோலைக் காப்பதற்குக் கூலிங் பேடும், வெறும் மரப்பலகையும், கனத்த அட்டையும் போதும். விதைப்பையின் சூட்டுக்கு அவை போதாது என்பதை மேலே பார்த்தோம். பழைய மளிகை மண்டிகளில் கணக்குப்பிள்ளைகள் முன்னால் வைத்துக்கொண்ட குட்டை மேசை போன்ற ஒன்று, தரையில் சம்மணமிட்டு உட்காருபவர்களுக்கு இன்றும் தகும். இப்போது மடக்குக் கால்களோடு கிடைக்கிறது. அடியில் காற்றும் புகும், தொடையும் ஒட்டாது, கதிர்வீச்சுக்கு அஞ்சுபவருக்கு வேண்டிய இடைவெளியும் சேர்ந்தே கிடைத்துவிடும். தொலைவு இரட்டித்தால் அலையின் செறிவு ஏறத்தாழ நான்கில் ஒன்றாகும்.

ஆண்டுக்கு ஒருமுறை விசிறியில் படிந்த தூசியைச் சுத்தம் செய்வதும் பயனுள்ளது. விசிறி எந்நேரமும் கத்திக்கொண்டே இருந்தால் உள்ளே பஞ்சுபோலத் தூசி அடைத்திருக்கும்.

இரவில் படுக்கையிலேயே சார்ஜ் போட்டுத் தூங்கலாமா?

கூடாது. போர்வையில் புதைந்த லேப்டாப் சூட்டை வெளியேற்ற முடியாது. லித்தியம் அயனி பேட்டரிக்குச் சூடு ஆகவே ஆகாது. தயாரிப்புக் குறை உள்ள பேட்டரி தீப்பிடிக்கும் என்பதால் 2006 ஆகஸ்டில் டெல் நிறுவனம் 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. அடிமூடி சமமாக உட்காமல் ஆடுவது, டச்பேட் மேலெழும்பி அழுத்த வராமல் போவது, மூடினால் திரை பொருந்தாமல் இடைவெளி விடுவது ஆகியவை பேட்டரி உப்பியிருப்பதன் அடையாளங்கள். அப்படிப்பட்டதைச் சார்ஜ் செய்யாமல், அழுத்திச் சரிசெய்யவோ ஊசியால் குத்தவோ முயலாமல், அணைத்துவிட்டுச் சேவை மையத்தில் ஒப்படைக்க வேண்டும்.